தேடியதேட்டமும் ஒரு செந்நட்சத்திரமும்

பருத்தித்துறை மாவட்ட நீதிமன்றத்தில் ஆதன வழக்கு என்றால் பெரும்பாலும் அது காணி வழக்குத்தான். எல்லை வேலி, கிணற்றுப் பங்கு, பாதை உரிமை, அரைப் பரப்புக்குள் நிற்கும் நாலு பனை என்று வடமராட்சிச் சட்டத்தரணி ஒருவர் தம் தொழில் வாழ்நாள் முழுவதையும் கழித்துவிடலாம். நானும் ஏறத்தாழ அப்படித்தான் கழித்தேன். அதனால்தான், பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் கிடந்த சோவியத் போர்ப் பதக்கங்கள் யாருக்குச் சேரும் என்று வாதாட நேர்ந்த அந்த வழக்கு மற்றவற்றோடு சேர்ந்து மங்கிப்போகாமல் நிற்கிறது. ரெஸ்ரமென்ரரி என்று நாங்கள் சொல்லும் இறந்தவர் ஆதன வழக்கு அது. பெறுமதியில் மிகச் சிறியது. ஆனால் தேசவழமைச் சட்டம் ஒரு பொருளைப் பார்த்து எந்தக் கேள்வியைக் கேட்கும், எந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காது என்பதை அவ்வளவு துலக்கமாகக் காட்டிய வேறொரு வழக்கை நான் நடத்தவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் உறவினர் இன்னும் ஊரில் இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

இறந்தவர் கரவெட்டியைச் சேர்ந்த பொறியியலாளர். ஊரில் 'மொஸ்கோக்காரர்' என்றால்தான் தெரியும். பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த அந்த ஊரில் ஐம்பதுகளில் இடதுசாரி அரசியல் வாசிகசாலை வாங்குகளில் அன்றாடம் அடிபட்ட விடயம். 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, கொலையுண்ட கொங்கோ தலைவர் பற்றிஸ் லுமும்பாவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அந்த 1961இன் டிசம்பரில்தான் யூரி ககாரின் இலங்கைக்கும் வந்துபோனார். இந்தக் காற்று வீசிய காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோ போன இளைஞர்களில் இவரும் ஒருவர்.

லுமும்பா விடுதியில் கியூபா, வியட்நாம், பல்கேரியா, கிழக்கு ஜேர்மனி என்று பல நாட்டு மாணவர்கள். சட்டையில் குத்தும் சின்னங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. இவர் இலங்கை முத்திரைகளைக் கொடுத்துச் சின்னங்களை வாங்கினார், பிறகு பதக்கங்களுக்கு வந்தார். 1965இல் போர் வெற்றியின் 20ஆம் ஆண்டு நிறைவுக்காகச் சோவியத் அரசு அடித்த பதக்கம் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மார்பில் ஏறியது. அதில் ஒன்று இவருடைய ரின்னுக்கும் வந்தது. எல்லாவற்றையும் கோடிட்ட கொப்பி ஒன்றில் பதிந்து வைத்தார்: திகதி, இடம், யாரிடமிருந்து, பதிலுக்கு என்ன. நாலு நிரல், முழுவதும் ரஷ்ய மொழியில். பின்னாளில் வழக்கின் தலைவிதியைத் தீர்மானித்தது அந்தக் கொப்பிதான்.

ஊர் திரும்பிய பின் அவருக்குத் தென்னிலங்கையில் வேலை கிடைத்தது. ஒருவெல உருக்காலை, களனி டயர் தொழிற்சாலை போன்றவை சோவியத் உதவியோடு எழுந்த காலம் அது. ரஷ்ய மொழி தெரிந்த பொறியியலாளருக்குத் தேவை இருந்தது. 1971இல் கரவெட்டியில் கல்யாணம். பெண் ஆசிரியை. வீடும் வளவும் அவருடைய சீதனம். 1983 ஜூலைக்குப் பிறகு, கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு அகதிகளை ஏற்றிவந்த கப்பலொன்றில் இருவரும் வெறுங்கையோடு வந்து அந்தச் சீதன வீட்டில் ஏறினார்கள். வெறுங்கை என்று சொல்லக்கூடாது, ரின்னைக் கொண்டுவந்திருந்தார்கள்.

1987 மே மாதம் வடமராட்சி மீது படை நடவடிக்கை தொடங்கி, சனம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒதுங்கியபோது, வீட்டைச் சோதனை போட வருபவர்கள் கையில் துவக்கும் தாங்கியும் நட்சத்திரமும் பொறித்த பதக்கங்கள் அகப்பட்டால் என்ன விளக்கம் சொல்வது என்ற பயம் வந்தது. ரீச்சர் (ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான்) ரின்னைப் பொலித்தீனில் சுற்றி ஆட்டுக் கொட்டிலுக்குள் தாட்டார். கொப்பியைத் தாட்டால் உக்கிவிடும் என்று அதைப் பாடசாலை வரவுப் பதிவேடுகளுக்கு நடுவில் செருகிக் கொண்டுபோனார். பிறகு வந்த இடப்பெயர்வுகளிலும் இதே கதை. பிள்ளைகள் இல்லாத வீடு. கணவருக்கு அடுத்தபடி அவர் பார்த்துக் காத்தது அந்த ரின்னைத்தான் என்று சொன்னால் மிகை இல்லை.

1992இல் மொஸ்கோக்காரர் மீண்டும் மொஸ்கோ போனார். பதக்கம் சேர்க்கப் போகவில்லை. முகவருக்குக் காசு கட்டி மேற்கு நாடுகளுக்குப் புறப்பட்டு மொஸ்கோவில் முடங்கிக் கிடந்த பல தமிழ் இளைஞர்களில் அவருடைய தங்கையின் மகனும் ஒருவன். மொழி தெரிந்த மாமா போனால்தான் ஏதாவது செய்யலாம் என்று தங்கை வந்து அழுதார். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, வவுனியா தாண்டி, கொழும்பு போய், அங்கிருந்து அவர் பறந்தார். மருமகனின் அலுவல் இழுபட்ட வாரங்களில், சோவியத் ஒன்றியம் உடைந்து ஓராண்டுகூட ஆகாத அந்த நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்த ஓராண்டில் ரஷ்யாவில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. வாழ்நாள் சேமிப்பு ஒரு வாரச் சாப்பாட்டுக்குக் காணாமல் போன முதியவர்கள், மார்பில் குத்தியிருந்ததைக் கழற்றி இஸ்மாயிலோவோ சந்தையில் துணி விரித்துப் போட்டு விற்றார்கள். அவர் கையில் இருந்த கொஞ்ச டொலருக்குச் சில பதக்கங்கள் வாங்கினார். எல்லாம் கொப்பியில் ஏறின. ஒரேயொரு பதிவில் மட்டும் நாலாவது நிரலில் ஒரு சிறு கோடு. அது செந்நட்சத்திர விருது.

2011இல் அவர் காலமானார். இறுதிவிருப்பம் எழுதவில்லை. அவர் பெயரில் வங்கியில் கிடந்த வைப்பை எடுக்க நீதிமன்றத்தின் நிருவாகக் கடிதம் வேண்டும் என்று வங்கி சொல்ல, ரீச்சர் என்னிடம் வந்தார். மனுப் போட்டோம், பத்திரிகையில் அறிவித்தல் போட்டோம், ஆதன விபரப் பட்டியலை இணைத்தோம். பட்டியலில் வங்கி வைப்பு, ஓய்வூதிய நிலுவை, ஒரு சைக்கிள், சில தளபாடம். ரின்னை அவர் பட்டியலில் சொல்லவே இல்லை. அது ஆதனம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தங்கைக்கு, சரியாகச் சொன்னால் ரொறன்ரோவில் இருந்த தங்கையின் மகனுக்கு, தோன்றியது. அற்றோணித் தத்துவத்தோடு ஆட்சேபனை வந்தது. கூடவே, வெளிநாட்டு ஏலங்களில் சோவியத் விருதுகள் போன விலைகளின் நீண்ட பட்டியல்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். அதன் மேல் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதற்கு 1947இல் வந்த திருத்தமும் ஏறியிருக்கின்றன. திருத்தத்தின்படி தேடியதேட்டம் என்பது திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில், தன் தனி ஆதனத்தைச் செலவழிக்காமல், பெறுமதியான கைம்மாறு கொடுத்துப் பெற்ற ஆதனமும், தனி ஆதனத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்த வருமானமுமே. உடையவர் இறுதிவிருப்பம் எழுதாமல் இறந்தால் அதில் பாதி வாழ்க்கைத் துணைக்கு, மறுபாதி இரத்த உரித்தாளிகளுக்கு. திருமணத்துக்கு முன் தேடியதும், திருமணத்துக்குப் பின் வந்திருந்தாலும் அன்பளிப்பாக வந்ததும் தேடியதேட்டம் ஆகாது. அவை தனி ஆதனம். பிள்ளையும் பெற்றோரும் இல்லாதபோது தனி ஆதனம் சகோதரருக்குப் போகும், மனைவிக்கு அதில் துரும்பும் இல்லை. ஆகவே ரின்னுக்குள் கிடந்த ஒவ்வொரு பொருளிடமும் நீதிமன்றம் இரண்டு கேள்விகளைக் கேட்டது. எப்போது வந்தாய்? காசுக்கா வந்தாய், சும்மாவா வந்தாய்?

கேள்விகள் நியாயமற்றவை அல்ல. சீதனத்தோடு வந்த பெண்ணின் காணி கணவன் வீட்டாரிடம் போய்விடக்கூடாது, அவன் முதுசம் அவள் வீட்டாரிடம் போய்விடக்கூடாது என்ற பழைய சமநிலையைக் காக்க வகுக்கப்பட்ட விதி அது. ரீச்சர் வாழ்ந்த வீட்டில் மச்சாள் கை வைக்க முடியாமல் போனதும் இதே விதியால்தான். ஆனால் காணிக்கு வகுத்த விதி, ஆட்டுக் கொட்டிலுக்குள் தாட்டு வைத்த பொருளிடம் வரும்போது ஒரு கேள்வியை மறந்துவிடுகிறது. தேடியவருக்குச் சட்டத்தில் பெயர் உண்டு. காத்தவருக்கு இல்லை. பராமரிப்புச் செலவு கோரலாமே என்று என் கனிஷ்ட சட்டத்தரணி கேட்டார். கோரலாம்தான். இரண்டு முழம் பொலித்தீனைத் தவிர வேறு எந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டுக் காட்டுவது?

முதல் வேலை மதிப்பீடு. நெல்லியடிச் சந்தியில் நகைவேலை செய்யும் பத்தர் ஒருவரை நீதிமன்ற அனுமதியோடு அழைத்தோம். எதிர்த்தரப்புப் பட்டியலில் உச்ச விலை போட்டிருந்தது லெனின் விருதுக்கு. உண்மையான லெனின் விருது தங்கத்தில் செய்து பிளாட்டினத்தில் லெனின் முகம் பதித்தது. பத்தர் அதை உரைகல்லில் ஒருமுறை இழுத்தார், அமிலத் துளி விட்டார், கண்ணாடியைக் கழற்றினார். "பித்தளை, மேல பூச்சு," என்றார். சந்தையில் உல்லாசப் பயணிகளுக்கென்று செய்த போலி. கொப்பியில் அதற்கு எழுதியிருந்த அற்ப விலையைப் பார்த்தால், வாங்கியவருக்கும் அது தெரிந்தே இருந்திருக்க வேண்டும். ஸ்டாலின் முகம் பொறித்த, ஜேர்மனி மீதான வெற்றிக்குரிய பதக்கங்களும் பித்தளைதான். அவை ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருக்கு வழங்கப்பட்டவை, உலகமெங்கும் மலிந்து கிடப்பவை. எதிர்த்தரப்பின் முகம் மெல்லச் சுருங்கியது.

பிறகு செந்நட்சத்திரம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஐந்து முனை. சிவப்பு எனாமலில் ஒரு முனையில் மட்டும் சிறு உதிர்வு. நடுவில் துவக்கு ஏந்திய சிப்பாய். பத்தர் தராசில் வைத்தார்: நாலு பவுன் நிறைக்குக் கொஞ்சம் கூட. உரைத்தார்: வெள்ளி. திருப்பினார். நடுவில் திருகாணித் தண்டு, அதில் வட்டமான மூடி, பக்கத்தில் கையால் வெட்டிய இலக்கம். "இது தோடு மாதிரிச் சுரை வைச்சதெல்லோ, ஐயா," என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். நீதிபதி வாங்கிச் சுரையைக் கழற்றிப் பார்த்தார். மன்றில் இருந்த எல்லோரும் ஏனோ அதைக் கையில் வாங்கிப் பார்க்க விரும்பினார்கள். பதிவாளர்கூட.

அந்த இலக்கம் சும்மா வெட்டியது அல்ல. மலிந்த பதக்கங்களில் இலக்கம் இருக்காது. செந்நட்சத்திரம் போன்ற விருதுகளில் இருக்கும், பெற்றவரின் விருதுப் புத்தகத்திலும் அதே இலக்கம் ஏறும். மொஸ்கோவுக்கு அருகே பொடொல்ஸ்க் நகரில் உள்ள பாதுகாப்பு அமைச்சின் மத்திய ஆவணக்காப்பகத்துப் பதிவுகளைக்கொண்டு அந்த இலக்கத்துக்குரிய மனிதரைக் கண்டுபிடிக்க முடியும். இந்த விருது மொத்தம் முப்பத்தெட்டு இலட்சம் முறைக்கு மேல் வழங்கப்பட்டது. வெளிநாட்டவரும் பெற்றார்கள். பிரித்தானிய இந்தியப் படையில் இருந்த தமிழ்நாட்டுச் சுபேதார் நாராயணராவ் நிக்கம் 1944இல் பெற்றவர்களில் ஒருவர். ஆகவே உலோக விலையும் அதிகமில்லை, அரிதும் இல்லை. சேகரிப்பாளர் காசு கொடுப்பது இலக்கத்துக்கும், அதைப் பற்றிய காகிதத்துக்கும்தான். இதை எதிர்த்தரப்பு அப்போது கவனிக்கவில்லை.

அடுத்து, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு புத்திசாலித்தனமான வாதத்தைத் தொட்டார். சோவியத் விருதுகளை வாங்குவதும் விற்பதும் ரஷ்யாவில் குற்றம், 1997 முதல் நடைமுறையில் உள்ள அவர்களின் குற்றவியல் சட்டக்கோவையில் 324ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது, அதற்கு முந்திய சட்டமும் அப்படியே, ஆகவே குற்றமாக வாங்கிய ஒன்றைச் சட்டம் ஏற்கும் கைம்மாறு கொடுத்துப் பெற்றது என்று எப்படிச் சொல்வது என்றார். அந்தச் சட்டத்தின் கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1983இல் மொஸ்கோவில், சோவியத் வீரர் பட்டம் பெற்ற உப அட்மிரல் கியோர்கி ஹொலொஸ்த்யாகோவும் மனைவியும் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் கலினின் என்ற இளம் தம்பதி. இதழியல் மாணவர் என்று சொல்லி முதிய போர்வீரர் வீடுகளுக்குள் நுழைந்து விருதுகளைத் திருடி விற்பதே அவர்கள் தொழில். கணவனுக்கு மரண தண்டனை, மனைவிக்கு 15 ஆண்டுச் சிறை. வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் பணம் இருந்ததால்தான் அந்தச் சந்தை இருந்தது என்பதை அந்த வழக்கைப் படித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

நல்ல வாதம்தான். ஆனால் நமது சான்றுச் சட்டத்தின்படி வேற்றுநாட்டுச் சட்டத்தைச் சட்டத்தரணி எழுந்துநின்று சொல்லிவிட முடியாது, அதை அறிந்த நிபுணர் சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டும். பருத்தித்துறைக்கு ரஷ்யச் சட்ட நிபுணரை எங்கிருந்து கூட்டிவருவது? அதைவிட, அந்த வாதம் வென்றால் வாங்கிய பதக்கங்களில் தன் கட்சிக்காரருக்கு வரும் பாதியும் கேள்விக்குள்ளாகும் என்பதை அவர் இரண்டாம் தவணைக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வாதத்தை ஓசையின்றிக் கைவிட்டார். நானும் அதைக் கிளறவில்லை. அந்த இலக்கத்துக்குரிய மனிதருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ அந்த வழக்கில் அறிவித்தல் போகவில்லை. இரு தரப்புக்குமே அவர்கள் தேவைப்படவில்லை.

கொப்பியைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் கொழும்பில் பெயர்த்தெடுத்தோம். முத்திரை கொடுத்து மாற்றிய மாணவப் பருவப் பதக்கங்கள் அத்தனையும் 1971க்கு முந்தியவை, அவை தங்கைக்கு என்பதில் நான் வாதாட இடமே இல்லை. 1992இல் இஸ்மாயிலோவோவில் வாங்கியவை தேடியதேட்டம், பாதிக்குப் பாதி. மிஞ்சியது அந்தக் கோடு. விலை எழுத மறந்தாரா, எழுத விரும்பவில்லையா, விலையே இல்லையா? திருமண காலத்தில் வந்த பொருள் விலைக்கு வந்தது என்று ஊகிப்பதே இயல்பு, அன்பளிப்பு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது என் நிலை. அந்த நிலையில் விட்டிருந்தால் நட்சத்திரத்திலும் ரீச்சருக்குப் பாதி கிடைத்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ரீச்சர் சாட்சிக் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணையில் கேள்வி நேராகவே வந்தது.

"இந்தச் செந்நட்சத்திரத்துக்கு உங்கள் கணவர் எவ்வளவு கொடுத்தார்?"

"ஒண்டும் குடுக்கேல்லை. இவர் தங்கியிருந்த வீட்டுக் கிழவன் ஒரு நாள் இரவு தானாக் கழட்டித் தந்தவராம்."

நீதிபதி குறுக்கிட்டார். பதிலுக்கு எதுவுமே கொடுக்கவில்லையா என்று கேட்டார். அது எங்களுக்குத் திறந்துவிட்ட கதவு என்பது கூண்டில் நின்றவரைத் தவிர மன்றில் எல்லோருக்கும் விளங்கியது.

"தேயிலைப் பக்கற் ஒண்டு மேசையில வைச்சிட்டு வந்தவர், ஐயா. அது அடுத்த நாள், வெளிக்கிடேக்க."

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

இறந்தவர் வாய்மொழியாகச் சொன்னதை மனைவி திருப்பிச் சொல்வது சான்றாகுமா என்று நான் ஆட்சேபித்திருக்கலாம். என் சாட்சியின் வாயிலிருந்தே வந்த நிலையில் அந்த ஆட்சேபனை நொண்டும், தவிரவும், இறந்தவர் சொன்னது எந்தெந்த நிலைகளில் ஏற்கப்படும் என்று சான்றுச் சட்டமே வழி விட்டிருக்கிறது. ஆகவே தேயிலையைப் பிடித்துக்கொண்டேன். தேயிலைப் பக்கற், தங்கிய நாட்களின் துணை, வீட்டுக்கு வாங்கிப்போட்ட பாண், எல்லாம் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தின் ஒரு பக்கமே அந்த நட்சத்திரம், கைம்மாறு காசாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்று வாதிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வாதம் முடிந்து வெளி விறாந்தையில் நின்றபோது ரீச்சரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"தம்பி, காசு குடுத்தது எண்டு வந்தா, அந்த மனிசன் தன்ர நட்சத்திரத்தை வித்தவர் எண்டெல்லோ கோட்டில பதிவாகும். சந்தையில வித்தவை வேற. அவர் விக்கேல்லை."

கட்சிக்காரர் ஒருவர் தன் பங்கை இழப்பதற்குச் சொன்ன காரணங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவரின் மானத்துக்காக இழந்தவர் இவர் ஒருவர்தான்.

கட்டளை வந்தது. மாணவப் பருவத்துப் பதக்கங்கள் இறந்தவரின் தனி ஆதனம், தங்கைக்கு. சந்தையில் வாங்கியவை தேடியதேட்டம், பாதி மனைவிக்கு, பாதி தங்கைக்கு. செந்நட்சத்திரம் அன்பளிப்பு, ஆகவே தனி ஆதனம், தங்கைக்கு. நன்றிக்கு வைத்த தேயிலை விலை ஆகாது என்று நீதிபதி இரண்டே வரியில் எழுதியிருந்தார். சட்டப்படி அதில் குற்றம் காண என்னால் முடியவில்லை. மேன்முறையீட்டுக் காலம் ஓடியபோது ரீச்சரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். விளைவை மட்டும் பாருங்கள்: அந்தக் கிழவர் பசிக்கு விற்றிருந்தால் கரவெட்டியில் ஒரு விதவைக்குப் பாதி கிடைத்திருக்கும், அன்போடு கொடுத்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. மருமகனைத் தேடிப்போன பயணத்தில் வந்த பொருள் கடைசியில் அந்த மருமகனின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

பாதிப் பாதியை எப்படிப் பிரிப்பது என்பது அடுத்த சிக்கல். நீதிமன்ற ஏலத்தில் போடலாம் என்றார்கள். பருத்தித்துறை நீதிமன்ற வளவில் சோவியத் பதக்கம் ஏலம் கூறினால் யார் கேட்பார்? பத்தர் வெள்ளிக்குக் கேட்பார், வேறு ஆளில்லை. இரண்டு குவியலாகப் பிரித்து ஒருவர் பிரிக்க மற்றவர் எடுப்பது என்று இணங்கினோம். மச்சாள் பிரித்தார். தன் முறை வந்தபோது ரீச்சர் இரண்டு குவியலையும் அவரிடமே தள்ளிவிட்டு, கொப்பியை மட்டும் கேட்டார். தலையைச் சரித்துச் சம்மதித்தார் மச்சாள். பழைய கொப்பிக்கு என்ன விலை வரப்போகிறது? இணக்க நிபந்தனைகளில் அதையும் ஒரு வரியாக எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஏன் அவ்வளவு கவனமாக எழுதினேன் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சில மாதங்களில் ரொறன்ரோவிலிருந்து மருமகனின் தொலைபேசி வந்தது. பதக்கங்கள் எங்கே, எப்போது, யாரிடமிருந்து வந்தன என்று காட்டும் ஆவணம் இல்லாவிட்டால் சேகரிப்பாளர்கள் பாதி விலைக்கும் தொடமாட்டார்களாம். போலி லெனின் விருது கலந்திருந்த தொகுப்பு என்று தெரிந்ததும் இன்னும் சந்தேகமாம். கொப்பி மாமியிடம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, நீதிமன்றக் கட்டளைப்படி அது அவருடைய சொத்து என்றேன். விலை பேசலாமே என்று ரீச்சரிடம் சொன்னேன், அது சட்டத்தரணியின் கடமை. அவர் நெல்லியடிக்குப் போய் ஒவ்வொரு பக்கத்துக்கும் போட்டோப்பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினார். பிரதிக்கான செலவைக்கூட வாங்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: மற்றவற்றை விற்கலாம், நட்சத்திரத்தை விற்கக்கூடாது. அந்த நிபந்தனையை எந்த நீதிமன்றத்திலும் அமுல்படுத்த முடியாது என்று விளக்கினேன். தெரியும் என்றார். எனக்குத் தெரிந்தவரை அவன் இன்னும் விற்கவில்லை.

வழக்கு முடிந்த பிறகு பலர் என்னிடம் இப்படிப்பட்ட ரின்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்: பழைய நாணயம், முத்திரைத் தொகுப்பு, வெளிநாட்டில் படித்த காலத்துச் சாமான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். எப்போது வந்தது, யார் தந்தது, காசுக்கா அன்பளிப்பாகவா என்று இன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அது யாரிடம் போகவேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை இறுதிவிருப்பமாக எழுதுங்கள். உங்கள் தனி ஆதனத்தையும் உங்கள் பங்குத் தேடியதேட்டத்தையும் யாருக்கும் எழுதிவைக்கத் தேசவழமை உங்களைத் தடுக்கவில்லை. அதற்குப் பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும்.